என்.எல்.பி. பயிற்சி முடிச்சுட்டு வந்தேன்: எதை வச்சுக்கலாம், எதைத் தூக்கிப் போடலாம்?

#1 அலைவரிசை

போன வாரம் ஆபீஸ்ல டீம் லீடுகளை எல்லாம் இரண்டு நாள் நியூரோ லிங்குவிஸ்டிக் புரோகிராமிங் (என்.எல்.பி.) பயிற்சிக்கு அனுப்பினாங்க. போகும்போது ஒண்ணும் தெரியாது. வரும்போது ஒரு ஃபைல், ஒரு சர்டிஃபிகேட், தலை நிறையக் குழப்பம்.

முதல் நாள் காலையிலேயே ட்ரெய்னர் போர்டுல ஒரு முகம் வரைஞ்சார். எதிர்ல இருக்கிறவர் கண்ணு அவரோட இடது மேல் பக்கம் போனா பழைய காட்சியை ஞாபகப்படுத்துறார், வலது மேல் பக்கம் போனா புதுசா ஒரு காட்சியைக் கற்பனை பண்றார், அதனால "பொய் சொல்றார்னு புரிஞ்சுக்கலாம்"னார். ஹால்ல இருந்த அத்தனை பேரும் உடனே பக்கத்து ஆளோட கண்ணைப் பார்க்க ஆரம்பிச்சாச்சு.

அப்புறம் மிரரிங். எதிராளி உட்காருற மாதிரியே உட்காரணும், பேசுற வேகத்துலயே பேசணும். அப்புறம் ஆங்கரிங்: தைரியமா இருந்த ஒரு தருணத்தை நினைச்சுக்கிட்டு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அழுத்தணும், தேவைப்படும்போது திரும்ப அழுத்தினா அந்தத் தைரியம் வருமாம். நடுநடுவே "வரைபடம் நிலப்பரப்பு அல்ல", "தோல்வின்னு ஒண்ணு கிடையாது, பின்னூட்டம்தான் உண்டு" மாதிரி வாசகங்கள். இரண்டாவது நாள் சாயங்காலம், அடுத்த லெவல் கோர்ஸுக்கு இப்பவே பேர் கொடுத்தா நல்லதுன்னு முடிச்சாங்க.

திங்கட்கிழமை மீட்டிங்ல மிரரிங்கைச் சோதிச்சேன். எதிர்ல சீனியர் ஒருத்தர் கையைக் கட்டினார், நானும் கட்டினேன். அவர் கழுத்தைத் தடவினார், நானும் தடவினேன். மூணாவது தடவை அவர் பேச்சை நிறுத்திட்டு, "ஏம்மா, உனக்கும் கழுத்து வலியா?"ன்னு கேட்டார். மானம் போச்சு.

ஆனா ஒரு விஷயம் மட்டும் மனசை விட்டுப் போகல. ஒரு பொண்ணு எழுந்து "என்னால மேடையில பேசவே முடியாது"ன்னா. ட்ரெய்னர் அறிவுரை எதுவும் சொல்லல. "பேசினா என்ன ஆகும்?"னு மட்டும் கேட்டார். அவ வாயைத் திறந்தா, மூடினா, அரை நிமிஷம் எதுவுமே பேசல. அப்புறம் மெதுவா, "எங்கப்பா சிரிப்பார்"னா. அவங்க அப்பா எந்த மீட்டிங்குக்கும் வரப்போறதில்லன்னு அவளே அடுத்த நொடி சொல்லிச் சிரிச்சா.

இதுல எது சரக்கு, எது ஜிகினா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 சும்மா_ஒருத்தன்

நான் இதைப் படிக்கும்போது என் கண்ணு இடமிருந்து வலமா போய்க்கிட்டே இருந்துச்சு. அப்போ நான் நிமிஷத்துக்கு இருபது பொய் சொல்றேனா?

#3 மணல்கடிகாரம்

நான் இதைக் கற்று, பிறருக்கும் சொல்லிக் கொடுப்பவன். அதனால் என் சார்பு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1970களின் தொடக்கம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகம். ரிச்சர்ட் பாண்ட்லர் அங்கே மாணவர், ஜான் கிரிண்டர் மொழியியல் துணைப் பேராசிரியர். பாண்ட்லருக்கு மற்றவர்களைப் போலவே பேசிக் காட்டுவதில் அசாத்தியத் திறமை. கெஸ்டால்ட் என்ற உளச்சிகிச்சை முறையின் ஃப்ரிட்ஸ் பெர்ல்ஸ் பேசிய பதிவுகளில் வேலை செய்தவர், கொஞ்ச நாளில் பெர்ல்ஸ் போலவே குழு நடத்த ஆரம்பித்துவிட்டார். அது ஏன் வேலை செய்கிறது என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. அதை மொழியியல் கண்ணால் பிரித்துப் பார்த்தவர் கிரிண்டர். அடுத்ததாகக் குடும்ப சிகிச்சையின் வர்ஜீனியா சட்டிர். பிறகு மானுடவியலாளர் கிரெகரி பேட்சன் சொல்லி, ஃபீனிக்ஸில் இருந்த ஹிப்னாஸிஸ் மருத்துவர் மில்டன் எரிக்சனிடம் போனார்கள். கெட்டிக்காரர்கள் தாங்களே அறியாமல் என்ன செய்கிறார்கள் என்று கவனித்து எழுதி, இன்னொருவருக்குக் கற்றுக் கொடுப்பது. இதை மாடலிங் என்பார்கள். என்.எல்.பி.யின் வேர் அதுதான். 1975-ல் வந்த முதல் புத்தகமான 'தி ஸ்ட்ரக்சர் ஆஃப் மேஜிக்' முழுக்க முழுக்கக் கேள்வி கேட்பதைப் பற்றியது. அதில் கண்ணைப் பார்த்துப் பொய்யைப் பிடிக்கும் வித்தை கிடையாது.

கண் அசைவு வரைபடம் பிற்பாடு சேர்ந்தது. அதிலும் கற்பனை என்றால் பொய் என்று அவர்கள் சொல்லவில்லை. அது பயிற்சி வகுப்புகளில் ஒட்டிக்கொண்ட வால். உங்கள் ட்ரெய்னர் அந்த வாலைத்தான் தலை என்று காட்டியிருக்கிறார்.

ஆங்கரிங் விஷயத்திலும் அவசரம் தெரிகிறது. நினைவு உச்சத்துக்குப் போகும் நேரத்தில் அழுத்த வேண்டும், உச்சம் இறங்குவதற்குள் கையை எடுத்துவிட வேண்டும். அன்றாடம் தற்செயலாகச் செய்யாத ஒரு தொடுகையாக இருக்க வேண்டும். பல தடவை திரும்பச் செய்ய வேண்டும். மதிய இடைவேளைக்கு முன் ஐந்து நிமிஷத்தில் முடித்தால் விரல்தான் வலிக்கும்.

#4 நிழல்குடை

மனநல ஆலோசகராக இருக்கிறேன். மணல்கடிகாரம் சொன்ன வரலாறு சரி. ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்வோம்.

கண் அசைவும் பொய்யும்: 2012-ல் பிளாஸ் ஒன் ஆய்விதழில் ரிச்சர்ட் வைஸ்மன், கரோலின் வாட் முதலியோர் மூன்று சோதனைகளை வெளியிட்டார்கள். ஒன்றில், பொய்யும் உண்மையும் சொன்னவர்களின் கண் அசைவுகளைக் குறித்துப் பார்த்தார்கள். இரண்டாவதில், ஒரு குழுவுக்கு இந்த வரைபடத்தைக் கற்றுக்கொடுத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கற்காத குழுவைவிட அவர்கள் கெட்டிக்காரர்களாக இல்லை. மூன்றாவதில், காணாமல் போன உறவினருக்காகப் பத்திரிகையாளர் சந்திப்பில் கண்ணீரோடு வேண்டியவர்களின் நிஜப் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் சிலர் பொய் சொன்னவர்கள் என்பது பின்னால் தெரிந்தது. எங்கேயும் வித்தியாசம் இல்லை. நேர்காணலில் ஒருவரை இதை வைத்து மதிப்பிட்டால் அது அநியாயம். அலைவரிசை, உங்கள் டீமில் யாராவது செய்ய ஆரம்பித்திருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு "முதன்மைப் புலன்" உண்டு, சிலர் காட்சியாளர், சிலர் செவியாளர், சிலர் உணர்வாளர், அவர்கள் பேச்சிலேயே அது தெரியும் என்ற கருத்தும் நிற்கவில்லை. கிறிஸ்டோபர் ஷார்ப்லி 1984-லும் 1987-லும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஆதாரம் போதாது என்று எழுதினார். அமெரிக்க தேசிய ஆய்வுக் குழுமம் ராணுவத்துக்காக 1988-ல் கொடுத்த அறிக்கையும் கிட்டத்தட்ட அதே. உடல்நல விளைவுகளைப் பற்றி 2012-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஜெனரல் பிராக்டிஸில் வந்த முறையான தொகுப்பில், சேர்க்கத் தகுந்த ஆய்வுகள் பத்துதான் தேறின. அவற்றை வைத்துப் பலன் உண்டென்று சொல்ல முடியவில்லை.

பெயரில் "நியூரோ" இருக்கிறது. உள்ளே நரம்பியல் இல்லை.

#5 விற்பனைப்புலி

மேடம், ஆராய்ச்சி எல்லாம் சரி, களத்துல நான் பார்த்ததைச் சொல்றேன். பதினாலு வருஷமா விற்பனையில இருக்கேன். போன்ல எதிராளி மெதுவா பேசுறார்னா நானும் மெதுவா பேசுவேன். அவர் "செலவு கட்டுப்படியாகணும்"னா, நான் "சிக்கனம்"னு சொல்ல மாட்டேன், "கட்டுப்படி"ங்கிற அதே வார்த்தையைத்தான் திருப்பிக் கொடுப்பேன். பேச்சு வழுக்கிக்கிட்டுப் போகும். தகவல்தொடர்புல வார்த்தைக்கு 7 சதவீதம்தான், மீதி 93 உடல்மொழியும் குரலும்னு ஆராய்ச்சியே இருக்கே?

#6 நிழல்குடை

அந்த 93 சதவீதத்தை நீங்கள் குறிப்பிடுவீர்கள் என்று எதிர்பார்த்தேன் :) அது உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் செய்த இரண்டு சிறு ஆய்வுகளிலிருந்து வந்தது. ஒருவர் தனி வார்த்தைகளைச் சொல்கிறார், முகமும் குரலும் அந்த வார்த்தைக்கு முரணாக இருக்கின்றன, அவருக்கு விருப்பமா வெறுப்பா என்று கேட்பவர் எதை வைத்து முடிவு செய்கிறார்? கேள்வி அவ்வளவே. எல்லாப் பேச்சுக்கும் இதைப் பொருத்தக் கூடாது என்று அவரே சொல்லியிருக்கிறார். வார்த்தைக்கு 7 சதவீதம்தான் என்றால் இந்த இழையைப் படித்து நமக்கு ஒன்றும் புரிந்திருக்கக் கூடாதே.

மிரரிங் விஷயத்தில் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. உளவியலாளர்கள் சார்ட்ரண்ட், பார்ஜ் இருவரும் 1999-ல் காட்டியது: மனிதர்கள் தங்களை அறியாமலே எதிராளியின் அசைவுகளைப் பின்பற்றுகிறார்கள், பின்பற்றப்பட்டவருக்கு எதிராளியைச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கிறது. ஆனால் பின்பற்றப்படுவதை அவர் கவனிக்கக் கூடாது. கழுத்து வலி வந்தால் கதை முடிந்தது.

#7 புதுவரவு_21

வணக்கம். நானும் என்.எல்.பி. கத்துக்கலாம்னு இருக்கேன். பைத்தான் அடிப்படை தெரியும், அது போதுமா? எந்த லைப்ரரியில ஆரம்பிக்கலாம்?

#8 சும்மா_ஒருத்தன்

தம்பி, நீங்க தேடுறது இயல்மொழி ஆய்வு, நேச்சுரல் லாங்குவேஜ் பிராசஸிங். அதுக்கும் சுருக்கம் என்.எல்.பி.தான். அது கம்ப்யூட்டருக்கு மனுஷன் பேச்சைப் புரிய வைக்கிறது. இங்க ஓடுறது மனுஷனுக்கு மனுஷன் பேச்சைப் புரிய வைக்கிறது. உங்க வேலை ஈஸி, அங்கேயே இருங்க.

#9 வேற்றுமை_உருபு

மொழியியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இந்த இழை தீனி. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த முதன்மைப் புலன். ஒருவர் பேச்சில் "பார்", "தெரியுது" மாதிரி சொற்கள் அதிகம் வந்தால் அவர் காட்சியாளர் என்று கணக்கெடுக்கச் சொல்கிறார்கள். இதைத் தமிழில் செய்து பாருங்கள். செய்து *பாருங்கள்*. நமக்கு "பார்" என்பது முயற்சியைக் காட்டும் துணைவினையும்கூட. கேட்டுப் பார், தொட்டுப் பார், முகர்ந்து பார், ஏன், கண்ணை மூடிப் பார் என்றுகூடச் சொல்கிறோம். "தெரியுது" என்றால் கண்ணுக்குப் படுகிறதா, அறிவுக்கு எட்டுகிறதா? இந்தக் கணக்குப்படி தமிழர்கள் எல்லோரும் காட்சியாளர்கள். வேறு மொழிக்குச் செய்த பட்டியலை அப்படியே மொழிபெயர்த்து வகுப்பில் ஒப்பிப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

ஆனால் அலைவரிசை சொன்ன அந்த அரை நிமிஷ மௌனம் இருக்கிறதே, அது வேறு சங்கதி. அதன் பெயர் மெட்டா மாடல். கிரிண்டர் மொழியியலாளர் சாம்ஸ்கியின் மாற்றிலக்கணத்தில் ஊறியவர். வாய்விட்டுச் சொல்லும் வாக்கியம் புற அமைப்பு, அதற்கு அடியில் முழுமையான புதை அமைப்பு ஒன்று உண்டு என்பது அப்போதைய கொள்கை. (சாம்ஸ்கியே 1990களில் அந்தப் பிரிவினையைக் கைவிட்டுவிட்டார், அது தனிக் கதை.) அனுபவத்திலிருந்து பேச்சுக்கு வரும் வழியில் மூன்று சேதாரம் நடக்கிறது என்பது மெட்டா மாடல்: சிலது விடுபடுகிறது, சிலது திரிகிறது, சிலது பொதுமையாகிறது. விடுபட்டதைக் கேள்வி கேட்டு மீட்பதுதான் வேலை. "யாருமே என்னை மதிக்கிறதில்ல" என்றால், யார், எதில், மதிப்பது என்றால் அவர் என்ன செய்ய வேண்டும்? இதற்கு மூளையும் வேண்டாம், புரோகிராமும் வேண்டாம். நல்ல இலக்கண ஆசிரியர் போதும்.

இதையும் தமிழில் யோசித்தால்தான் சுவை. நான் குறித்து வைத்திருக்கும் சில:

"வேணும்." நான் போகணும் என்றால் ஆசையா, கட்டாயமா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல். நமக்கு ஒன்றே. "நான் நல்லாப் பண்ணணும், நல்லாப் பண்ணணும்" என்று தவிப்பவரிடம் "பண்ணலேன்னா என்ன ஆகும்?" என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, "உங்களுக்கு ஆசையா இருக்கா, இல்ல பண்ணியே ஆகணுமா?" இதைக் கேட்டாலே சிலர் திகைத்துப் போவார்கள். அதுவரை இரண்டும் ஒன்றென்று நினைத்திருப்பார்கள்.

"முடியாது." திறமை இல்லையா, மனம் இல்லையா? "என்னால முடியாது" என்று ஆல் உருபு போட்டால் திறமைப் பக்கம் சாய்கிறது. உருபு இல்லாமல் "அதெல்லாம் முடியாது" என்றால் மறுப்பு. உருபு எங்கே விழுகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

"யாருமே, எப்பவுமே, ஒருநாளும்." அந்த உம்மையும் ஏகாரமும் சேரும் இடத்தில்தான் பொதுமைப்படுத்தல் நடக்கிறது. இரண்டு எழுத்தில் உலகமே அடங்கிவிடும்.

"உறவு முறிஞ்சிடுச்சு." யார் முறித்தது? தன்வினையாகச் சொன்னால் செய்தவர் மாயமாகிவிடுவார். கண்ணாடி டம்ளர் தானாக உடைந்ததைப் போல. குழந்தைகள் இதில் கில்லாடிகள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது: "எனக்குக் கோபம் வருது." கு உருபு. நான் எழுவாயே இல்லை, கோபம்தான் எழுவாய். அது எங்கிருந்தோ கிளம்பி என்னிடம் வருகிறது. பயமும் வெட்கமும் சந்தேகமும் அப்படித்தான் வரும். பாண்ட்லர் வழியில் "நீ எப்படி உன்னைக் கோபப்படுத்திக்கொள்கிறாய்?" என்று தமிழில் கேட்டால் எதிராளி அடிக்க வருவார். அதற்குப் பதில் "வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன நடக்கும்?" என்று கேட்டால், மொழியோடு ஒத்துப் போகும், பதிலும் கிடைக்கும்.

#10 சும்மா_ஒருத்தன்

எனக்குத் தூக்கம் வருது. யார் அனுப்புறாங்கன்னு விசாரிச்சுச் சொல்லுங்க வாத்தியாரே.

#11 படிக்கட்டு

ரொம்ப நாளா இங்க வாசகன் மட்டும்தான். இந்த இழைக்காகத்தான் எழுதுறேன். பேரைப் பார்த்தாலே தெரியும், எனக்கு லிஃப்ட் ஆகாது.

நாலு வருஷம் முன்னாடி ரெண்டு மாடிக்கு நடுவுல நாற்பது நிமிஷம் மாட்டிக்கிட்டேன். விளக்கு அணைஞ்சு, வெளியில யாரோ கதவைத் தட்டுற சத்தம் மட்டும். அதுக்கப்புறம் ஏழாவது மாடி ஆபீஸுக்குத் தினமும் படிதான். தெரிஞ்ச ஒருத்தர் என்.எல்.பி. பயிற்சியாளர், இதைச் செஞ்சு பார்க்கலாம்னார்.

நான் ஒரு தியேட்டர்ல உட்கார்ந்திருக்கேன். இல்ல, அதுக்கும் பின்னாடி, படம் ஓட்டுற அறைக்குள்ள நின்னு, சீட்டுல உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்க்கிறேன். அவன் திரையைப் பார்க்கிறான். திரையில அந்த நாள், கறுப்பு வெள்ளையில: லிஃப்ட்டுல ஏறுறதுக்கு முன்னாடி நல்லா இருந்த நிமிஷத்துல ஆரம்பிச்சு, வெளியே வந்து தண்ணி குடிச்ச நிமிஷம் வரைக்கும். முடிஞ்சதும் அந்தக் கடைசிக் காட்சிக்குள்ள நானே போயிடணும், கலர்ல, ரெண்டே நொடியில எல்லாத்தையும் பின்னோக்கி ஓட்டணும். தண்ணி வாயிலிருந்து டம்ளருக்குப் போகுது, நான் பின்பக்கமா நடந்து லிஃப்ட்டுக்குள்ள போறேன், கதவைத் தட்டினவன் கை பின்னாடி இழுக்குது... மூணாவது தடவை எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஏழெட்டுத் தடவை செஞ்சோம்.

பலன்? நினைச்சாலே வேர்த்தது, இப்போ வேர்க்கிறதில்ல. பத்துக்கு ஒன்பது இருந்த பயம் நாலுக்கு வந்துச்சு. ஆனா மறுநாள் காலையிலயும் படியிலதான் ஏறினேன். மூணு நாள் கழிச்சு ஒரு நண்பன் "ஒரே ஒரு மாடி, நானும் வர்றேன்"னு இழுத்துக்கிட்டுப் போனான். அடுத்த நாள் ரெண்டு மாடி. இப்போ தனியா ஏழு மாடியும் போறேன், கைப்பிடியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு. இதுல தியேட்டருக்கு எவ்வளவு மார்க், நண்பனுக்கு எவ்வளவு மார்க்?

#12 நிழல்குடை

நண்பருக்குக் கண்டிப்பாகப் பெரும்பங்கு. அஞ்சியதைப் படிப்படியாக, தப்பி ஓடாமல் சந்திப்பது. பயத்துக்கு நாங்கள் முதலில் பரிந்துரைப்பதே அதுதான், அதற்கு ஆதாரமும் வலுவாக இருக்கிறது. ஆனால் தியேட்டரை நான் அடியோடு ஒதுக்க மாட்டேன். எட்ட நின்று பார்ப்பதால் நினைவைத் தாங்க முடிகிறது, தாங்க முடிவதால் திரும்பத் திரும்ப அருகே போக முடிகிறது. இந்த உத்தியிலிருந்து வளர்த்தெடுத்த ஒரு முறையை அமெரிக்காவில் போர்முனையிலிருந்து திரும்பியவர்களிடம் சோதித்து, நம்பிக்கை தரும் முடிவுகள் வந்திருக்கின்றன. ஆய்வுகள் சிறியவை, கூடுதல் சோதனை தேவை.

ஒரு எச்சரிக்கை. லிஃப்ட் வேறு, வன்முறை, துஷ்பிரயோகம், விபத்தில் உறவை இழந்தது வேறு. அவற்றை முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் பட்டறையில், சர்டிஃபிகேட் வாங்கிச் சில மாதமே ஆனவர் கிளறக் கூடாது. கிளறிவிட்டு மூடத் தெரியாமல் அனுப்பிவைக்கப்பட்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

#13 மணல்கடிகாரம்

எச்சரிக்கையில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. எங்கள் துறையில் பொதுவான உரிமம் வழங்கும் அமைப்பு எதுவும் இல்லை, யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். நிறுவியவர்களே பிரிந்து, பெயர் யாருக்குச் சொந்தம் என்று வழக்காடினார்கள். 2000-ல் தீர்ப்பு பாண்ட்லருக்கு எதிராகப் போனது. பேச்சுக்கலை கற்றுக்கொடுத்தவர்களாலேயே பேசித் தீர்க்க முடியவில்லை என்று கேலி செய்வார்கள். கேலி நியாயம்தான்.

#14 மட்டுறுத்துநர்

"7 நாளில் யாரையும் வசியப்படுத்தலாம்" என்ற விளம்பர இடுகை நீக்கப்பட்டது. மூன்றாவது தடவை. தொடருங்கள்.

#15 அலைவரிசை

எல்லாருக்கும் நன்றி. வேற்றுமை_உருபு சார் எழுதினதைப் படிச்சுட்டு ஆர்வக்கோளாறுல நேத்து ராத்திரி தம்பிகிட்ட மெட்டா மாடலை இறக்கினேன். நடந்தது இது:

அவன்: காலேஜ்ல எல்லாரும் என்னைக் கழட்டி விட்டுட்டாங்கக்கா.
நான்: எல்லாருமா?
அவன்: ஆமா, எல்லாரும்தான்.
நான்: ஒருத்தர்கூட விடாமலா?
அவன்: ப்ச்.
நான்: கழட்டி விட்டாங்கன்னா, குறிப்பா என்ன பண்ணாங்க?
அவன்: நீ என்ன வக்கீலா? உன்கிட்ட சொன்னதே தப்பு.

கதவைச் சாத்திக்கிட்டான். எங்க தப்பு பண்ணேன்?

#16 மணல்கடிகாரம்

கேள்விகள் எல்லாம் பாடத்தில் இருப்பவைதான், வரிசைகூடச் சரி. அதுதான் சிக்கல். எங்கள் வட்டத்தில் இதை மெட்டா மாடல் வழிப்பறி என்று கிண்டல் செய்வதுண்டு. கற்ற முதல் வாரத்தில் எல்லோரும் வீட்டில் இருப்பவர்களைப் பிடித்து வைத்துப் பறிப்போம். என் மனைவி என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

கேள்விக்கு முன் அவனோடு கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். பேஸிங் என்பது அதுதான், கழுத்தைத் தடவுவது அல்ல. அவன் "கழட்டி விட்டுட்டாங்க" என்றால், "கழட்டி விட்ட மாதிரி இருக்கா" என்று அவன் சொல்லையே மெதுவாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். நிஜமாகவே சும்மா. அவனே இன்னும் இரண்டு வாக்கியம் சொல்வான். அதன் பிறகு ஒரே ஒரு கேள்வி, அதுவும் உங்களுக்கு உண்மையிலேயே பதில் தெரியாத கேள்வி. "எல்லாருமா?" என்று நீங்கள் கேட்டபோது பதில் உங்களுக்குத் தெரியும். அவனை மடக்கக் கேட்டீர்கள். அது அவனுக்கும் தெரிந்துவிட்டது.

இதற்கு நேர் எதிரானது ஒன்று உண்டு, மில்டன் மாடல். எரிக்சன் வேண்டுமென்றே மொட்டையாகப் பேசுவார். "நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், என் குரல் கேட்கிறது, மூச்சு உள்ளே போய் வெளியே வருகிறது, உங்களுக்குள் ஏதோ ஒன்று இளகத் தொடங்குகிறது..." முதல் மூன்றும் மறுக்க முடியாதவை, அந்த வேகத்தில் நாலாவதற்கும் தலையாட்டிவிடுவோம். எது இளகுகிறது, எப்படி இளகுகிறது என்று சொல்லவே மாட்டார், கேட்பவர் தன் கதையைக் கொண்டு நிரப்பிக்கொள்வார்.

#17 வேற்றுமை_உருபு

மேடைப் பேச்சும் ராசிபலனும் விளம்பரமும் இந்த இலக்கணத்தில்தான் ஓடுகின்றன. "உங்கள் வாழ்வில் ஒரு மாற்றம் காத்திருக்கிறது." என்ன மாற்றம், எப்போது? ஒருவர் மில்டன் மாடலில் பேசும்போது மெட்டா மாடலை மனசுக்குள் ஓட விடுங்கள். வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. அடுத்த லெவல் கோர்ஸ் பற்றி உங்கள் ட்ரெய்னர் கடைசியில் பேசினாரே, அதில் ஆரம்பிக்கலாம்.

#18 விற்பனைப்புலி

என் பொழைப்புல மண்ணைப் போடுறதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு இங்க :) இருந்தாலும் #16-ஐ எடுத்து வச்சுக்கிட்டேன். பதில் தெரிஞ்ச கேள்வியைக் கேட்டா வாடிக்கையாளரும் இப்படித்தான் கதவைச் சாத்துவார், நான் அதை மிரரிங் சரியில்லன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

#19 நிழல்குடை

அலைவரிசை, தம்பி சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, கல்லூரிக்குப் போகிறாரா என்பதையும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் முகம் வாடியே இருந்தால் உத்திகளை மூட்டை கட்டிவிட்டு ஒரு ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள்.

#20 அலைவரிசை

நாலு நாள் கழிச்சு வர்றேன். சாப்பிடுறான் மேடம், தூங்குறான், காலேஜுக்கும் போறான்.

மணல்கடிகாரம் சார் சொன்ன மாதிரி செய்யலாம்னு வாய்ப்புக்குக் காத்திருந்தேன். வரல. முந்தாநேத்து துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன், அவனே வந்து எதிர்ல உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பிச்சான். மடிக்கிறது கோணல். நான் திருத்தல. ரொம்ப நேரம் கழிச்சு, "நீ கேட்டியே, எல்லாருமான்னு"ன்னான். நான் "ம்"னேன்.

"எல்லாரும் இல்லக்கா. ரெண்டு பேர்தான். ஆனா அந்த ரெண்டு பேர்தான்."

எனக்குக் கேள்வி எதுவும் வரல. அடுத்த சட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

#21 வேற்றுமை_உருபு

அந்த இரண்டு "தான்"களையும் கவனித்தீர்களா? முதல் "தான்" எண்ணிக்கையைக் குறைக்கிறது, எல்லாரும் என்பது இரண்டு பேராகச் சுருங்குகிறது. இரண்டாவது "தான்" கனத்தைக் கூட்டுகிறது. ஒரே இடைச்சொல். என்னிடம் இருக்கும் மெட்டா மாடல் பட்டியலில் முதல் தானுக்குக் கேள்வி உண்டு. இரண்டாவதற்குக் கிடையாது.

#22 சும்மா_ஒருத்தன்

கோணலா மடிச்ச சட்டையை அப்படியே வச்சுட்டீங்களா?

#23 அலைவரிசை

அவன் சட்டைதான். அதையே போட்டுக்கிட்டுப் போனான்.